சிவிங்கியைத் தேடி ஐந்து நாள்

நாள் 1: அருஷாவிலிருந்து நுடுட்டு

சஃபாரி என்றால் சுவாஹிலியில் வெறும் பயணம்தான். அரபியின் 'சஃபர்' ஆப்பிரிக்கக் கரைக்குப் போய் சஃபாரி ஆயிற்று. எங்கள் காயல்பட்டினத்துக்கு வந்து 'சபர்' ஆயிற்று. கடல் தாண்டிப் பிழைக்கப் போன ஆண்களை ஊரில் சபராளி என்போம். என் தம்பியும் ஒரு சபராளி. ஏழு வருடமாகத் தான்சானியாவின் தார் எஸ் சலாமில் வேலை. "ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போ லாத்தா" என்று ஏழு வருடமும் கூப்பிட்டான். இந்தப் பிப்ரவரியில்தான் வாய்த்தது.

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுக்கிறேன். சிவிங்கிப் படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் "சிறுத்தை" என்கும். சிறுத்தைப் படத்தைக் காட்டினாலும் அதே பதில்தான். உடம்பெல்லாம் பூப்பூவாக வளையம் போட்டு, மரமேறி, இரவில் வேட்டையாடுவது சிறுத்தை. ஒல்லி உடம்பில் மை தொட்டு வைத்தாற்போல் முழுப் புள்ளிகள், கண்ணிலிருந்து வாய்வரை வழியும் கறுப்புக் கோடு, பட்டப்பகலில் வெட்டவெளியில் ஓடிப் பிடிப்பது சிவிங்கி. சொல் நம்மிடம் இல்லாமல் இல்லை. ஒட்டகச்சிவிங்கி என்று தினமும் சொல்கிறோமே, அதற்குள்ளேயே இருக்கிறது. ஒட்டகம் போல் உயரம், சிவிங்கி போல் புள்ளி. இந்தியாவில் சிவிங்கி அற்றுப்போய்விட்டதாக 1952-ல் அறிவித்தார்கள். 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டைக் கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்துக் குனோவில் விட்டார்கள். அதன் பிறகாவது பிள்ளைகளுக்கு அந்தப் பெயரைச் சரியாகச் சொல்லித் தர வேண்டும் என்று ஒரு பிடிவாதம் எனக்கு. ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

காலை ஏழரைக்கு வழிகாட்டி வந்தார். ஐம்பது வயதிருக்கும், மாசாய் இனத்தவர். வண்டியும் அவரே ஓட்டுகிறார். கூரையை மேலே தூக்கிவிட்டால் நின்றபடி பார்க்கத் தோதான லேண்ட் குரூஸர். தம்பி அவரை "காக்கா" என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஊரில் அண்ணனைக் கூப்பிடும் அதே சொல்! சுவாஹிலியிலும் உடன்பிறந்தானைக் 'காகா' என்கிறார்கள். அதற்குமேல் யோசிக்கவில்லை. ஐந்து நாளும் அவர் எனக்குக் காக்காதான்.

அருஷாவிலிருந்து மகுயூனி வரை சமதரை. பிறகு 'கொசு ஆறு' என்று பெயர் கொண்ட ம்டோ வா ம்பு ஊர். சாலையோரம் செவ்வாழைத் தார்கள் தொங்குகின்றன. அங்கிருந்து பெரும்பிளவுப் பள்ளத்தாக்கின் சுவரில் ஏறினால் கராட்டு. அதைத் தாண்டி லோடுவாரே வாயிலோடு தார்ச்சாலை முடிந்து செம்மண் பாதை தொடங்குகிறது. கொரொங்கொரோ எரிமலை வாயின் விளிம்பில் மூடுபனி. மாலைக்குள் நுடுட்டு போக வேண்டும் என்பதால் கால் மணி நேரம் மட்டும் நின்றோம்.

விளிம்பிலிருந்து மேற்கே இறங்கியதும் மரம் குறைந்து, புல் குட்டையாகி, கடைசியில் வானமும் தரையும் மட்டும் மிஞ்சின. மாசாய் மொழியில் 'சிரிங்கெட்' என்றால் முடிவில்லாத வெளி. அதுதான் செரங்கெட்டி. நுடுட்டு ஏரியை நெருங்கியபோது மறுபடியும் மரங்கள் வந்தன. தட்டையாகக் குடை விரித்த வேல மரங்கள். எங்கள் தேரிக்காட்டு உடைமரத்தை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து நட்டது போலிருந்தது. முள்கூட அதே வெள்ளை முள்.

இரவு கூடாரத்தில் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். தூரத்தில் ஒரு கழுதைப்புலி அடிவயிற்றிலிருந்து 'ஊஊ...' என்று இழுத்து இழுத்துக் கூப்பிடுகிறது.

நாள் 2: நுடுட்டு

சுபுஹு தொழுதுவிட்டு ஆறு மணிக்குக் கிளம்பினோம். ஒரு குடுவை இஞ்சித் தேநீரும் சப்பாத்தியும் வண்டியிலேயே இருந்தன.

ஆறரைக்கு வில்டபீஸ்ட் என்னும் மாடு போன்ற மான்களின் கூட்டத்துக்குள் இருந்தோம். செரங்கெட்டியில் 13 லட்சம் என்பது வெகுகாலமாகச் சொல்லிவரும் கணக்கு. என் கண்ணுக்கு அடிவானம் வரை கறுப்புப் புள்ளிகள்தான். ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை இவை இந்தக் குட்டைப்புல் வெளிக்கு வந்து கன்று போடும். ஏன் இங்கே என்று கேட்டேன். காக்கா கிழக்கே கையைக் காட்டினார். ஓல் டோய்ன்யோ லெங்காய், மாசாய்களின் 'கடவுள் மலை'. இன்னும் உயிரோடிருக்கும் எரிமலை. அந்தப் பக்கத்து எரிமலைகளின் சாம்பல் காலங்காலமாகப் படிந்து ஆன மண் இது. சற்றுக் கீழே தரை சிமெண்டு போல் இறுகிக் கிடப்பதால் மரம் வேரோட முடியாது, புல்தான் வளரும். அந்தப் புல்லில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் அதிகம். பால் கொடுக்கும் தாய்க்கு அதுதானே வேண்டும்.

வண்டிக்கு முப்பது அடி தள்ளி ஒரு தாய் படுத்தது. பின்பக்கம் பனிக்குடம் பளபளத்தது, முதலில் இரண்டு குளம்புகள் வெளியே வந்தன. குளம்பின் நுனி வெள்ளையாக, வெந்த முட்டைக்கரு போல் மெத்தென்றிருந்தது. தாயின் வயிற்றைக் கிழித்துவிடாதபடி இறைவன் வைத்த உறை. அது எழுந்தது, நடந்தது, திரும்பப் படுத்தது. கன்று வழுக்கி விழுந்ததும் நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு தடவை எழ முயன்று முகம் குப்புற விழுந்தது. ஆறாவது நிமிடம் நின்றுவிட்டது. பத்தாவது நிமிடம் கோணல்மாணலாகத் தாயின் பின்னே ஓடியது. எனக்கு அழுகை வந்தது. தம்பி பார்க்காத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சதுப்பு நிலத்தருகே ஏழு பெண் சிங்கங்கள் வயிறு புடைக்கத் தின்றுவிட்டு மல்லாந்து கிடந்தன. அரை மணி நேரம் பார்த்தோம். அவற்றில் ஒன்று கால் மாற்றிப் படுத்தது. அவ்வளவுதான்.

பத்து மணிக்கு மேல் காக்கா சட்டென்று வண்டியை நிறுத்தினார். "டூமா" என்றார் மெதுவாக. சிவிங்கி! அவர் கை காட்டிய திசையில் எனக்குப் புல்லும் கறையான் புற்றும்தான் தெரிந்தன. தொலைநோக்கியில் பார்த்தபோது அந்தப் புற்றுக்குக் கண் இருந்தது.

அவள் புற்றின்மேல் உட்கார்ந்திருந்தாள். அவள் என்றுதான் எழுத வருகிறது. கீழே புல்லில் நான்கு குட்டிகள். இரண்டு மாதம் இருக்கும் என்றார் காக்கா. உச்சந்தலையிலிருந்து வால்வரை முதுகில் சாம்பல்நிறப் பஞ்சு ஒட்டியது போன்ற முடி. ஒன்று மற்றொன்றின் வாலைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. நான்கின் வயிறும் உள்ளே ஒட்டிப் போயிருந்தன. தாயின் இடுப்பெலும்பு துருத்தியிருந்தது. "நேற்றும் சாப்பிட்டிருக்காது" என்றார்.

முந்நூறு மீட்டர் தள்ளி தாம்சன் மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. மானுக்கு சுவாஹிலியில் 'ஸ்வாலா'. தொழுகைக்கும் அதே சொல்தான் என்று தம்பி சொன்னான். தாய் இறங்கினாள். தலை முதுகுக்குக் கீழே தாழ, தோள்பட்டை எலும்புகள் மட்டும் மாறி மாறி ஏறி இறங்க, நடந்தாள். ஒரு மான் தலையைத் தூக்கினால் உறைந்துவிடுவாள். அது குனிந்ததும் மறுபடி நான்கு எட்டு. குட்டிகள் புற்றடியில் அசையாமல் இருந்தன. யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

அப்போது வண்டிகள் வந்தன. எங்கள் வண்டி நிற்பதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு முதலில் இரண்டு. பிறகு வானொலியில் "டூமா, டூமா" என்று ஒருவர் மாற்றி ஒருவர். செரங்கெட்டி பூங்காவுக்குள் தடத்தை விட்டு இறங்கக் கூடாது. நுடுட்டுப் பக்கம் அதற்கு இடம் உண்டு என்பதால் எல்லாத் திசையிலிருந்தும் புழுதி கிளம்பியது. இருபது நிமிடத்தில் பதினான்கு வண்டிகள். படம் எடுக்க வெளிச்சம் சரியாக விழவில்லை என்றோ என்னவோ, ஒரு வண்டி சுற்றிக்கொண்டு போய் அவளுக்கும் மான்களுக்கும் நடுவே நின்றது.

மான்கள் ஒரே நேரத்தில் தலை தூக்கின. ஓடின.

அவள் எழுந்து நின்றாள். எங்களை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

காக்கா ஒன்றும் சொல்லாமல் வண்டியைப் பின்னால் எடுத்தார். தம்பிக்குப் பொறுக்கவில்லை. "இன்னும் பத்து நிமிசம் நின்னா வேற மான் வந்திருக்கும்ல?" என்றான். காக்கா திரும்பாமலே சொன்னார்: "நாம் போனால் ஒரு வண்டி குறையும்."

இரவு சாப்பிட உட்கார்ந்தும் சோறு இறங்கவில்லை. அந்த ஒரு வண்டிமேல் கோபப்படுவது சுலபம். ஆனால் முதலில் நின்றது எங்கள் வண்டி. எங்களைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வந்தார்கள். அந்த நான்கு குட்டிகளின் பட்டினியில் எனக்கும் பங்கு உண்டு.

நாள் 3: நாபி குன்று வழியாக செரோனெரா

நாபி குன்று வாயிலில் சீட்டுப் போட்டு பூங்காவுக்குள் நுழைந்தோம். 1951-ல் அமைந்த பூங்கா, 14,763 சதுர கி.மீ. புல்வெளிக் கடலில் தீவுத் தீவாகக் கருங்கல் பாறைக் குவியல்கள். கோப்யே என்கிறார்கள். சிம்பா கோப்யேயில் பெயருக்கேற்றபடி சிங்கம் இருந்தது. பெரிய ஆண், பிடரி கழுத்துக்குக் கீழே கறுத்துப்போய், பாறை விளிம்பில் காற்று வாங்கிக்கொண்டிருந்தது.

பிடரி கறுப்பைப் பற்றி இங்கே ஓர் அருமையான ஆராய்ச்சி நடந்திருக்கிறது. ஆளுயரப் பொம்மைச் சிங்கங்களுக்கு வெளிர்ப்பிடரியும் கரும்பிடரியும் மாட்டி வெளியில் நிறுத்தினார்கள். பெண் சிங்கங்கள் கரும்பிடரியை நாடி வந்தன. ஆண்கள் அதைக் கண்டு ஒதுங்கின. 2002-ல் வெளியான முடிவு. கரும்பிடரி என்றால் நல்ல தீனி, நல்ல வலு. வெயில் சூட்டைக் கூடுதலாகத் தாங்க வேண்டியது அதற்குக் கொடுக்கும் விலை. செரங்கெட்டிச் சிங்கங்களை 1966-ல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் கவனித்து எழுதியிருக்கிறார்கள். அதில் 1994 ஒரு கெட்ட வருடம். ஊர் நாய்களிடமிருந்து பரவிய டிஸ்டெம்பர் நோயில் மூன்றில் ஒரு பங்குச் சிங்கங்கள் செத்துப்போயின. பூங்காவைச் சுற்றியுள்ள ஊர்களின் நாய்களுக்கு ஊசி போடுவதும் சிங்கத்தைக் காப்பாற்றும் வேலைதான் என்று அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

ஒவ்வொரு சிங்கத்தையும் எப்படி அடையாளம் காண்பார்கள் என்றேன். காக்கா தொலைநோக்கியைக் கொடுத்து மீசையைப் பார்க்கச் சொன்னார். மீசை முடி முளைக்கும் இடத்தில் வரிசையாகக் கறுப்புப் பொட்டுகள். மேல் வரிசையில் பொட்டுகள் எந்தெந்த இடத்தில் இருக்கின்றன என்பது சிங்கத்துக்குச் சிங்கம் மாறும், நம் கைரேகை போல. நான் இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் மூன்று எண்ணினேன். அதற்குள் கொட்டாவி விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மாலை செரோனெரா ஆற்றோரம் சிறுத்தை கிடைத்தது. சுரைக்காய் போல் நீள நீளமாய்க் காய் தொங்கும் சாஸேஜ் மரம். காய்களோடு காயாக ஒன்று மட்டும் நுனி சுருண்டு ஆடியது. வால்! கிளையில் நான்கு காலையும் தொங்கப் போட்டுப் படுத்திருந்தது. பக்கத்துக் கவையில் பாதி தின்ற இம்பாலா மான். சிங்கமும் கழுதைப்புலியும் எட்டாத உயரம். சிறுத்தைக்கு இருக்கும் இந்த மாடி வீடு சிவிங்கிக்கு இல்லையே என்றுதான் எனக்குத் தோன்றியது. அது பிடித்ததைத் தரையில் வைத்து அவசர அவசரமாகத் தின்ன வேண்டும். யாராவது வந்தால் விட்டுவிட்டு ஓட வேண்டும். நகத்தை முழுக்க உள்ளிழுக்க வராது, தாடை சிறியது, சண்டை அதற்கு ஆகாது. ஓட்டத்துக்காகவே எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்த உடம்பு.

நாள் 4: செரோனெரா

நாள் முழுக்க ஒன்றும் அகப்படவில்லை. நீர்யானைக் குட்டை, ஒட்டகச்சிவிங்கிகள், பாபூன் குரங்குக் கூட்டம். மதியத்துக்குமேல் நல்ல மழை. கறுப்பு மண் வண்டியைப் பிடித்துக்கொண்டது, இறங்கித் தள்ள முடியாத இடம், முக்கால் மணி நேரம் போயிற்று.

மழை விட்டபிறகு காக்காவிடம் கேட்டேன், அந்த நான்கும் பிழைக்குமா என்று. அவர் சுற்றி வளைக்கவில்லை. 1980களின் கடைசியில் இதே சமவெளியில் சிவிங்கிகளைப் பின்தொடர்ந்து ஆய்வு செய்தார்கள். பிறந்த குட்டிகளில் தாயைப் பிரிந்து தனியே வாழும் வயதுவரை தங்கியவை நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. பெரும்பாலானவற்றைக் கொன்றது சிங்கம். தின்பதற்காக அல்ல, பங்காளி ஒழியட்டும் என்று கடித்துப் போட்டுவிட்டுப் போய்விடும். அது காட்டின் கணக்கு. அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. எல்லைக்கு அந்தப்பக்கம் கென்யாவின் மாசாய் மாராவில் செய்த ஆய்வு, 2018-ல் வெளியானது. சுற்றுலா வண்டிகள் குறைவாக வரும் பகுதியில் ஒரு தாய் சராசரியாக 2 குட்டிகளுக்குமேல் வளர்த்து ஆளாக்கியிருக்கிறாள். வண்டிகள் மொய்க்கும் பகுதியில் 0.2. அதாவது ஐந்து தாய்மாருக்கு ஒரு குட்டி. உலகத்திலேயே சுமார் 7,000 சிவிங்கிகள்தான் மிச்சம். இந்த இரண்டாவது கணக்கு எங்களைப் போன்றவர்கள் எழுதிய கணக்கு. பணம் கட்டி, ஆசைப்பட்டு, கடல் தாண்டி வந்து எழுதிய கணக்கு.

நாளைக்குத் திட்டப்படி கொரொங்கொரோ பள்ளத்தில் இறங்க வேண்டும். 600 மீட்டர் ஆழம், 260 சதுர கி.மீ. தரை, உள்ளே கறுப்புக் காண்டாமிருகம். வருகிறவர்கள் யாரும் விடாத இடம். "அதுக்குப் பதிலா நுடுட்டு போகலாமா, தூரத்துலயே நின்னு அவள மட்டும் பாத்துட்டு வந்துருவோம்" என்றேன். தம்பி ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தான். "காண்டாமிருகம் போச்சு" என்று முனகிவிட்டு காக்காவிடம் சுவாஹிலியில் சொன்னான். காக்கா தலையை ஆட்டினார். அவருக்குச் சந்தோஷம் என்று நினைக்கிறேன்.

இரவு இரண்டு மணிக்குச் சிங்கம் கர்ஜித்தது. காதால் கேட்டதைவிட நெஞ்செலும்பில்தான் அதிகம் கேட்டது.

நாள் 5: மறுபடி நுடுட்டு

விடியுமுன் கிளம்பி எட்டரைக்கு அந்தக் கறையான் புற்றுக்கு வந்தோம். காலி. காக்கா வண்டியை ஊர விட்டுக்கொண்டே தரையைப் பார்த்தார். நேற்றைய மழை இங்கேயும் பெய்திருந்ததால் மண் ஈரம். ஓரிடத்தில் நிறுத்தி, சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, கதவைத் திறந்து குனிந்து காட்டினார். கால்தடம். கிட்டத்தட்ட என் உள்ளங்கை அகலம், நான்கு விரல். ஒவ்வொரு விரலுக்கும் முன்னே ஊசியால் குத்தியது போல் நகப்பள்ளம். சிங்கமும் சிறுத்தையும் நடந்தால் நகம் பதியாது. பக்கத்தில் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய தடங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. எத்தனை குட்டி என்று அதில் எண்ண முடியவில்லை.

தடம் கல்தரையில் மறைந்துவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம். சிறுவயதில் ஆடு மேய்த்தபோது கற்றது ஒன்றுதான் என்றார் காக்கா: வேட்டையாடுவதைத் தேடாதே, வேட்டையாடப்படுவது எங்கே பார்க்கிறது என்று பார். பதினொரு மணிக்கு ஒரு மான் கூட்டம் மேயாமல், எல்லாம் ஒரே பக்கம் முகம் வைத்து நின்றது. அவர் எஞ்சினை அணைத்தார். இருநூற்றைம்பது மீட்டராவது இருக்கும். அதற்குமேல் ஓர் அடி நகரவில்லை.

அவளேதான். வால் வளையங்களைப் பார்த்து உறுதி செய்தார். நுனி வெள்ளை, மேலே இரண்டு வளையம் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. மான் கூட்டம் பார்த்த பக்கத்திலிருந்து அவள் விலகி, சரிவில் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போயிருந்தாள். அங்கே ஒற்றையாக ஓர் இளமான்.

ஓட்டம் தொடங்கியதை நான் பார்க்கவில்லை. ஓடிக்கொண்டிருப்பதைத்தான் பார்த்தேன். முதுகு வில்லாய் வளைந்து நிமிர்ந்தது. நான்கு காலும் தரையை விட்டுப் போய், வந்து, போய். மான் வெட்டித் திரும்பியபோதெல்லாம் வால் எதிர்ப்பக்கம் சாட்டை போல் வீசியது. முன்னங்காலால் ஒரு தட்டு. புழுதி. தம்பி என் கையைப் பிடித்திருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

அவள் மானின் குரல்வளையைக் கவ்வியபடியே வெகுநேரம் கிடந்தாள். பிறகு விட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். விலா எலும்புகள் துருத்தி போல் அடித்துக்கொண்டன. பசித்த வயிறு, எதிரே இறைச்சி, ஆனால் வாய் வைக்க முடியவில்லை. ஏழெட்டு நிமிடம் அப்படியே. பிறகு ஒரு சத்தம் கேட்டது. குருவி என்று நினைத்தேன். கூப்பிட்டது அவள்தான்.

புல்லுக்குள்ளிருந்து சாம்பல் முதுகுகள் வந்தன. ஒன்று. பின்னால் இன்னொன்று, துள்ளிக்கொண்டு. கொஞ்சம் இடைவெளி விட்டு மூன்றாவது.

காக்கா தொலைநோக்கியை இறக்கவில்லை. அவள் மறுபடியும் கூப்பிட்டாள், புல் பக்கம் பார்த்து. நாங்கள் காத்திருந்தோம். "மூன்று" என்றார் காக்கா, ரொம்ப நேரம் கழித்து.

மூன்றும் தின்றன. ஒன்று முகம் முழுக்க ரத்தத்தோடு வந்து தாயின் கழுத்தில் தேய்த்தது. அவள் நக்கித் துடைத்தாள். தின்னும்போதே நிமிடத்துக்கு ஒரு முறை தலை தூக்கி நாலாபக்கமும் பார்த்துக்கொண்டாள்.

வானொலி கரகரத்தது. தூரத்துத் தடத்தில் ஒரு வண்டி நின்று, எங்களைப் பார்த்துவிட்டு, அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டது. காக்கா ஒலிவாங்கியை எடுத்தார்.

"ஸ்வாலா டு" என்றார். மான்கள் மட்டும்தான்.

அந்த வண்டி சற்று நேரம் நின்றுவிட்டு ஏரிப் பக்கம் போயிற்று.